சமயமும் இன்றியமையாமையும்: நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒரு சொல்லின் வரலாறு

இந்திய அரசமைப்பின் 25, 26 ஆகிய உறுப்புகள் சமய உரிமையைப் பற்றியன. ‘எஸென்ஷியல்’ என்னும் சொல் அவ்விரண்டு உறுப்புகளின் ஆங்கில மூலத்தில் எங்கும் இல்லை. ஆயினும் 1954 தொடங்கி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த சமய வழக்குகளுள் பல, ஒரு வழக்கம் அச்சமயத்திற்கு இன்றியமையாததா அன்றா என்னும் வினாவைக் கொண்டே முடிவு செய்யப்பட்டுள்ளன. உறுப்பில் இல்லாத சொல்லொன்று உரிமையின் எல்லைக்கல்லாக நடப்பட்டது எவ்வாறு என்பதைச் சட்ட வரலாற்றாசிரியர் சிலர் ஆராய்ந்துள்ளனர். எனினும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை இன்னும் நெருங்கி நோக்க இடமுண்டு. ஏனெனில் இது பெரும்பாலும் ஒரு வினையடை பெயரடையாக மாறியதன் வரலாறு. அம்மாற்றத்தை ஆங்கிலம் எளிதில் மறைத்துவிடுகிறது, தமிழ் மறைக்க விடுவதில்லை.

அரசியல் நிர்ணய சபையில்

1948 டிசம்பர் 2ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், தனிச் சட்டங்களைச் சட்டமன்றத்தின் கை படாமல் காக்க வேண்டும் என்னும் கோரிக்கைக்கு அம்பேத்கர் விடையளித்தார். இந்நாட்டில் சமயம் பற்றிய கருத்துகள் பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் ஒவ்வொரு கூறையும் தழுவி நிற்கின்றன. அவை அனைத்தையும் சமயம் என்று ஒப்புக்கொண்டால் சமுதாயச் சீர்திருத்தத்திற்கு இடமே இராது. எனவே சமயத்தின் வரையறையை நம்பிக்கைகளோடும், இயல்பிலேயே சமயம் சார்ந்த சடங்குகளோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். குத்தகை, வாரிசுரிமை ஆகியவை பற்றிய சட்டங்களைச் சமயம் ஆள வேண்டியதில்லை என்று அவர் எடுத்துக்காட்டும் தந்தார். ‘இயல்பிலேயே சமயம் சார்ந்த’ என்று நாம் இங்குத் தரும் தொடர், அவர் ஆங்கிலத்தில் சொன்ன ‘எஸென்ஷியலி ரிலிஜியஸ்’ என்பதாகும்.

அவ்வினையடை செய்யும் வேலையை நோக்குக. அது செயல்களை வகைப்படுத்துகிறது. ஒரு பக்கம் வழிபாடு, மறுபக்கம் குத்தகை. ஒரு செயல் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதே வினா. வழிபாட்டின் பக்கம் சேர்ந்தவற்றுள் எது பெரிது, எது சிறிது என்று அது கேட்பதில்லை.

உறுப்பு 25இன் இரண்டாம் கூறும் இவ்வாறே அமைந்துள்ளது. சமய வழக்கத்தோடு இணைந்திருக்கக்கூடிய பொருளியல், நிதி, அரசியல் அல்லது வேறு ‘செக்யுலர்’ செயற்பாட்டை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது அது. இவ்விடத்தில் ‘செக்யுலர்’ என்பதற்கு ‘உலகியல்’ என்பதே பொருள். இந்திப் பனுவலும் ‘லௌகிக்’ என்றே கூறுகிறது. 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழி முகப்புரையில் நுழைந்த ‘செக்யுலர்’ வேறு. அதனை இந்தியில் ‘பந்த்நிரபேக்ஷ’ என்றும் தமிழில் ‘சமயச் சார்பற்ற’ என்றும் வழங்குகிறோம். முகப்புரைக்குப் பொருந்தும் தமிழ்ச் சொல்லை 25ஆம் உறுப்பில் அப்படியே இட்டால், ‘சமய வழக்கத்தோடு இணைந்த சமயச் சார்பற்ற செயற்பாடு’ என்று முரண்பட்ட தொடர் பிறக்கும். இத்தகைய மொழிபெயர்ப்புகள் செய்தித்தாள்களில் மிகுதி.

உறுப்பு 26இல் வரும் ‘டினாமினேஷன்’ என்னும் சொல்லுக்கும் ஒரு பயண வரலாறு உண்டு. 1937ஆம் ஆண்டு அயர்லாந்து அரசமைப்பின் 44ஆம் உறுப்போடு ஒப்பிட்டால், தன் காரியங்களைத் தானே நிருவகிக்கவும் சொத்து வைத்திருக்கவும் ஒவ்வொரு ‘டினாமினேஷ’னுக்கும் உரிமை உண்டு என்னும் அமைப்பின் ஒற்றுமை புலப்படும். கிறித்தவத் திருச்சபைகளை மனத்திற்கொண்டு எழுந்த சொல் அது. அதனை உடுப்பியின் மடத்திற்குப் பொருத்த வேண்டிய நிலை நான்கே ஆண்டுகளில் வந்தது.

சிரூர் மடத்து வழக்கு

சென்னை மாகாணத்தில் கோயில், மடச் சொத்துகளின் மேல் அரசின் கை புதிதன்று. 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கும்பினி அரசு அறக்கட்டளைகளின் மேற்பார்வையை ஏற்றது. கிறித்தவ அரசு ‘பிற சமய’க் கோயில்களை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு மூண்டதால் படிப்படியாக விலகி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் குழுக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் இந்து அறநிலைய வாரியம் உருவாயிற்று. விடுதலைக்குப் பின் 1951இல் வாரியத்தின் இடத்தில் ஆணையரை அமர்த்திப் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

உடுப்பி அப்போது சென்னை மாநிலத்துத் தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. மத்வாசாரியர் மரபில் வந்த எட்டு மடங்களின் தலைவர்கள் அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வழிபாட்டை முறைவைத்து இரண்டிரண்டு ஆண்டுகள் நடத்துவர். இம்முறைக்குப் ‘பரியாயம்’ என்று பெயர். ஒரு மடத்திற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். பரியாயக் காலத்து அன்னதானம் முதலிய பெருஞ்செலவுகளால் சிரூர் மடத்திற்குக் கடன் ஏறியது. நிருவாகம் சீர்கெட்டதாகக் கருதிய வாரியம் ஒரு திட்டம் வகுக்க முனைந்தது. மடத்தின் தலைவர் லக்ஷ்மீந்திர தீர்த்த சுவாமியார் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி வென்றார். அரசின் மேல்முறையீட்டில் 1954 மார்ச்சு 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எழுதியவர் நீதியரசர் பி. கே. முகர்ஜி.

அத்தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் முழுமையாகப் படித்தல் நன்று. அதன் முதுகெலும்பே சொற்பொருள் ஆராய்ச்சிதான். ‘ரிலிஜன்’ என்பதற்கு அரசமைப்பில் வரையறை இல்லை. படைத்தவனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு பற்றிய கருத்து என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1890இல் தந்த விளக்கத்தை முகர்ஜி ஏற்கவில்லை. பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுளை ஏற்பன அல்லவே என்கிறார். சமயம் கோட்பாடு மட்டுமன்று; சடங்கும் ஒழுகலாறும் வழிபாட்டு முறையும், உணவும் உடையும் கூட, அதன்பால் அடங்கலாம் என்கிறார். ‘டினாமினேஷன்’ என்னும் சொல்லுக்கு அவர் நாடியது ஆக்ஸ்போர்டு அகராதியை. பொது நம்பிக்கை, பொது அமைப்பு, தனிப்பெயர் ஆகிய மூன்றையும் அவ்வகராதியிலிருந்தே எடுத்து, சங்கரர், இராமானுசர், மத்வர் ஆகியோரின் மரபினர்க்குப் பொருத்தினார். அகராதியாசிரியர் ஒருவர் இங்கிலாந்தில் எழுதிய பொருள்விளக்கம் இந்தியாவில் உரிமையின் அளவுகோலாயிற்று. 1982இல் ஆரோவில் வழக்கிலும், 2018இல் சபரிமலை வழக்கிலும் அம்மூன்றையே நீதிமன்றம் தேடியது. அச்சொல்லைத் தமிழில் ‘சமயப் பிரிவு’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரில் ‘பெயர்’ இருக்கிறது. நம் சொல்லின் வேரிலோ ‘பிரிதல்’ இருக்கிறது. ‘தனிப்பெயர் வேண்டும்’ என்று நீதிமன்றம் சொல்லும் காரணம் தமிழில் படிப்போர்க்குப் புலப்படாமற் போவது இதனால்தான்.

இனி, நம் சொல்லுக்கு வருவோம். சமயத்தோடு இணைந்திருந்தும் அதன் ‘எஸென்ஷியல்’ பகுதியாக அமையாத உலகியல் செயல்கள் அனைத்தும் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை என்று வாதிட்டவர் இந்தியத் தலைமை வழக்குரைஞர். தீர்ப்பு அவர் முடிவை மறுத்தது; அவர் சொல்லை எடுத்துக்கொண்டது. ஒரு சமயத்தின் ‘எஸென்ஷியல்’ பகுதி எது என்பதை முதன்மையாக அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும்; இன்ன வேளையில் தெய்வத்திற்கு அமுது படைக்க வேண்டும், ஆண்டின் இன்ன காலத்தில் இன்ன சடங்கு நிகழ வேண்டும், மறை ஓத வேண்டும், வேள்வி வளர்க்க வேண்டும் என்று கோட்பாடு விதிக்குமாயின் அவையெல்லாம் சமயத்தின் பகுதிகளே; பணம் செலவாகிறது, அருச்சகரும் பணியாளரும் அமர்த்தப்படுகின்றனர், கடைப்பொருள் வாங்கப்படுகிறது என்பதனால் அவை பொருளியல் செயல்கள் ஆகிவிடா என்றது. எந்தச் சடங்கு வேண்டும் என்று முடிவு செய்வதில் சமயப் பிரிவிற்கு முழுத் தன்னாட்சி உண்டு என்றும் கூறியது.

பொருளளவில் இது இன்னும் அம்பேத்கரின் வினாவே. படையல் சமயமா, வணிகமா? ஆனால் இலக்கண வடிவம் மாறிவிட்டது. ‘எஸென்ஷியலி ரிலிஜியஸ்’ என்றிருந்தது ‘எஸென்ஷியல் பார்ட் ஆஃப் ரிலிஜன்’ ஆகிவிட்டது. அடை, செயலின் இயல்பை விட்டுச் சமயத்திற்குள் அச்செயலுக்கு உள்ள இடத்தைச் சுட்டத் தொடங்கியது.

தமிழில் இவ்விரண்டும் ஒன்றாகா. காவடி எடுத்தலைக் கொள்வோம். அது இயல்பிலேயே சமயம் சார்ந்த செயலா எனின், ஐயமின்றி ஆம். எவரும் அதனை வணிகம் என்றோ அரசியல் என்றோ கூறார். அது சைவத்திற்கு இன்றியமையாததா எனின், விடை தடுமாறும். வாழ்நாள் முழுதும் காவடி எடாத சைவர் பலர். முதல் வினா காவடிக்குக் காப்பளிக்கிறது. இரண்டாவது அதனை வழக்காடு மன்றத்தில் நிறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டிடத்தும் ‘அடிப்படை’ என்னும் சொல்லை இட்டு, ‘அடிப்படையில் சமயம் சார்ந்தது’, ‘சமயத்திற்கு அடிப்படையானது’ என்று எழுதினால் ஆங்கிலத்தின் மயக்கம் தமிழிலும் குடியேறிவிடும்.

அதே தீர்ப்பில் வேறொரு சொற்போரும் நிகழ்ந்தது. மடங்களின் வருவாயில் அரசு ஆண்டுதோறும் பெறும் பங்கு கட்டணமா, வரியா என்பது அது. கைம்மாறாகக் குறித்த பணி எதனோடும் தொகை இணைக்கப்படாமையால் அது வரியே. மாநிலச் சட்டமன்றத்திற்கு அதனை விதிக்கும் அதிகாரம் இல்லை என்று அப்பிரிவு தள்ளப்பட்டது. அன்றைய அரசுக்கு உடனடியாக வலித்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நூல் காட்டி நிறுவுதல்

1957, 1958 ஆகிய ஆண்டுகளில் வந்த இரு தீர்ப்புகள் வினாவின் திசையைத் திருப்பின. மூல்கி வேங்கடரமணர் கோயிலுள் அனைத்து இந்துக்களும் நுழையலாமா என்னும் வழக்கில் தீர்ப்பெழுதியவர் டி. எல். வேங்கடராம ஐயர், தீட்சிதர் கீர்த்தனைகளில் துறைபோனவர், 1944இல் சங்கீத கலாநிதி. கோயிலுள் யார் எதுவரை செல்லலாம் என்பது சமயக் காரியமே என்பதை ஆகமங்களைக் கொண்டு ஒப்புக்கொண்ட அவர், கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் 25ஆம் உறுப்புக்கு 26 கட்டுப்பட்டது என்று கண்டு, இரண்டையும் இசைவித்தார். வழக்கம் சமயத்தைச் சார்ந்ததுதான், ஆயினும் சமத்துவத்திற்கு அது வழிவிட வேண்டும் என்னும் இந்நேர்மையான நெறி பின்னர் அதிகம் பின்பற்றப்படாதது வருந்தத்தக்கது.

மற்றொன்று பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் பசுவதைத் தடைச் சட்டங்களை எதிர்த்துக் குரேஷி இனத்தார் தொடுத்த வழக்கு. பக்ரீத் திருநாளில் பசுவைப் பலியிடுதல் தம் சமய உரிமை என்றனர். சமய அறிஞர் எவருடைய உறுதிமொழி ஆவணமும் தாக்கல் செய்யப்படவில்லை என்று குறிப்பிட்ட நீதிமன்றம், ‘ஹிதாயா’ என்னும் சட்டநூலின் ஹாமில்டன் மொழிபெயர்ப்பைப் புரட்டியது. ஒருவருக்கு ஓர் ஆடு, எழுவருக்கு ஒரு பசு அல்லது ஒட்டகம் என்று அங்கு விருப்பத்திற்கு இடமிருப்பதால் பசுப்பலி கட்டாயமன்று என முடிவு செய்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் சற்று நிற்க வேண்டும். ‘ஹிதாயா’ 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி அரபு மொழியில் இயற்றிய ஹனபி நூல். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கும்பினி நீதிமன்றங்களின் தேவைக்காக அது பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டது. அப்பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் ஆக்கி 1791இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு அது. ஏட்டில் விருப்பமாக இருப்பது ஊரில் எவ்வாறு வழங்கியது, ஏழு ஆடு வாங்க இயலாத எளியவர்க்கு ஒரு பசு என்பது விருப்பமா தேவையா என்னும் வினாவை மனுதாரர் எழுப்பினர். நீதிமன்றம் அதனைப் பொருளியல் காரணமாகவே கொண்டது. 1954இல் ‘அச்சமயத்தின் கோட்பாடு’ என்று இருந்த சான்று, நான்கு ஆண்டுகளில் ‘நூலில் உள்ள கட்டளை’ என்று குறுகிவிட்டது. நூலும் ஆங்கிலத்தில் கிடைத்த நூலே.

1961இல் அஜ்மீர் தர்காக் குழு வழக்கில் நீதியரசர் கஜேந்திரகட்கர் மேலும் ஒரு படி சென்றார். சமய வழக்கங்கள் போலத் தோன்றுவனவற்றுள் சில வெறும் மூடநம்பிக்கையிலிருந்து தோன்றிப் பின்னர் ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாம்; இன்றியமையாப் பகுதியாக நிறுவப்பட்டாலன்றி அவற்றுக்குக் காப்பு இல்லை என்றார். 1963இல் நாதத்துவாரா வழக்கில், சமூகத்தார் தாமே சொல்வதை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது என்றார். மடத்திற்கு முகர்ஜி வழங்கிய தன்னாட்சி இவ்வாறு பத்தாண்டுக்குள் நீதிபதியின் கைக்கு வந்தது. கஜேந்திரகட்கரின் நோக்கம் சீர்திருத்தமே. 1966இல் சுவாமி நாராயணர் வழியினரான சத்சங்கிகளின் கோயில்களைத் தீண்டப்படாதோர் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்ட தீர்ப்பும் அவருடையதே. பயன் நன்றாயினும் வழி ஐயத்திற்குரியது. சாதி விலக்கைச் சமத்துவத்தின் பெயரால் தடுக்க அரசமைப்பில் தெளிவான சொற்கள் இருக்கையில், அவர்களுடைய சமயத்தை அவர்களே பிழையாக அறிந்துள்ளனர் என்று கூற வேண்டிய தேவை என்ன?

தமிழ்நாட்டின் அருச்சகர் வழக்கு வேறு வழியிற் சென்றது. பரம்பரை அருச்சகர் முறையை நீக்கிய சட்டத்தை 1972இல் ஏற்ற உச்ச நீதிமன்றம், பூசை செய்தல் சமயச் செயல், பூசகரை அமர்த்துதல் உலகியல் செயல் என்று பிரித்தது. இங்குப் பழைய வகைப்பாட்டு வினா மீண்டும் தலைகாட்டுகிறது.

இன்றி, அமையாது

‘எஸென்ஷியல்’ என்பதற்கு ‘இன்றியமையாத’ என்பது தமிழில் நிலைத்துவிட்ட நிகரன். இதன் அமைப்பு கருதற்குரியது. ‘இன்றி’ என்னும் எதிர்மறை வினையெச்சமும் ‘அமையாமை’ என்னும் எதிர்மறைத் தொழிற்பெயரும் சேர்ந்த இச்சொல்லுக்குள் ஒரு சோதனை பொதிந்துள்ளது: இது இல்லாவிடில் அது அமையுமா? வான்சிறப்பில் வள்ளுவர் நீரைப் பற்றிக் கூறுமிடத்து இவ்வமைப்பையே ஆள்கிறார். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் ‘இருத்தல்’ என்பதைச் சார்ந்தது. அதில் இச்சோதனை வெளிப்படையாக இல்லை.

அச்சோதனை தீர்ப்பில் வெளிப்படையாக வந்தது 2004இல். ஆனந்த மார்க்கத்தார் பொதுவீதியில் மண்டையோடும் கத்தியும் ஏந்தித் தாண்டவம் ஆடலாமா என்னும் வழக்கு அது. அம்மார்க்கம் தோன்றியது 1955இல், தாண்டவம் விதிக்கப்பட்டது 1966இல். எனவே இன்றியமையாதது அன்று என 1983இலேயே ஒரு தீர்ப்பு வந்திருந்தது. பின்னர்த் தாண்டவம் அவர்தம் நூலிலும் இடம்பெற்றது. 2004இல் பெரும்பான்மை நீதிபதிகள், ஒரு பகுதியை நீக்கினால் சமயத்தின் இயல்பே மாறுமா என்று பார்க்க வேண்டும். மாற்றத்தக்க பகுதிகள் கருவாகா என்றனர். நீதியரசர் ஏ. ஆர். இலக்குமணன் மாறுபட்டார். நீக்கிப் பார்க்கும் இச்சோதனை ‘இன்றியமையாமை’யின் சொற்பொருளே.

இதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் இடர் நேர்கிறது. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தமிழில் தரும்போது ‘இன்றியமையாத’ என்று எழுதினால், ஐம்பது ஆண்டு கழித்து எழுந்த கோட்பாட்டை முகர்ஜியின் வாயில் வைத்தவர் ஆகிறோம். படையல் வேளை மாறினால் மத்வ சமயம் மறைந்துவிடுமா என்று அவர் கேட்கவில்லை. ‘உரிய பகுதி’ என்றோ ‘சமயத்தின்பாற்பட்ட பகுதி’ என்றோ கூறினால் அவர் கருத்துக்கு நெருங்கும். ஆனால் பின்வந்த நீதிபதிகள் அச்சொல்லையே மேற்கோளாகப் பற்றிக்கொண்டு கிளைத்த தொடர்ச்சி அறுந்துவிடும். ஒரே சொல்லைக் காத்தால் பொருள் பிறழ்கிறது. பொருளைக் காத்தால் மரபு மறைகிறது.

இதற்கு மாறாக 1986ஆம் ஆண்டுக் கேரள வழக்கு ஒன்றுண்டு. யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், வாய்திறந்து பாடவில்லை. பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். நீதியரசர் சின்னப்ப ரெட்டி, அந்நம்பிக்கை நமக்கு விந்தையாகத் தோன்றுகிறதா என்பது பொருட்டன்று. அது உள்ளார்ந்து, மனமார நம்பப்படுகிறதா என்பதே வினா என்று கூறி அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தார். இங்கு அளவுகோல் நூலன்று, நம்புவோரின் மனம்.

அண்மைக் காலத்து இரு வழக்குகளிலும் பழைய சொல்லே நடுநிலையம். 2018 செப்டம்பரில் சபரிமலை வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள், பெண்களை விலக்குதல் இன்றியமையா வழக்கம் அன்று என்றும், ஐயப்ப பக்தர் தனிச் சமயப் பிரிவினர் அல்லர் என்றும் கண்டனர். எது இன்றியமையாதது என்பதைச் சமயத்தாரே கூற வேண்டும் என்று நீதியரசர் இந்து மல்கோத்ரா மாறுபட்டார். 2019 நவம்பரில் சில வினாக்கள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. கல்வி நிலையங்களில் முக்காடு பற்றி 2022 மார்ச்சில் தீர்ப்பளித்த கர்நாடக உயர் நீதிமன்றம், 1930களில் லாகூரில் வெளிவரத் தொடங்கிய அப்துல்லா யூசுப் அலியின் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பைச் சான்றாகக் கொண்டது. மூலப் பனுவலோடு நில்லாமல் மொழிபெயர்ப்பாளரின் அடிக்குறிப்புகளையும் எடுத்தாண்டு, முக்காடு பரிந்துரையே அன்றிக் கட்டளை அன்று எனக் கண்டது. தம் அடிக்குறிப்பு ஒரு மாணவி வகுப்பறைக்குள் செல்வதா வேண்டாவா என்பதற்குச் சான்றாகும் என்று யூசுப் அலி எண்ணியிருக்க வழியில்லை. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டனர். அவருள் நீதியரசர் தூலியா, இவ்வழக்கிற்கு இன்றியமையாமை வினாவே தேவையில்லை என்றார்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் வெளியிடப்படுகின்றன. பொறிவழி மொழிபெயர்ப்பும் இப்பணியிற் பயன்படுகிறது. பொறி ஒரு சொல்லுக்கு ஒரு நிகரனைத் தேடித் தரவல்லது. 1948இன் வினையடையையும் 2004இன் பெயரடையையும் அதனால் வேறுபடுத்த இயலுமா என்பது ஐயமே. சிரூர் மடத் தீர்ப்பிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் பெயர்த்துப் பார்த்தபோது, அச்சொல் வரும் முதலிடத்தில் ‘எஸென்ஷியல்’ என்று தமிழெழுத்தில் இட்டு, அது தலைமை வழக்குரைஞரின் வாதத்திலிருந்து வந்த சொல் என அடியிற் குறித்து, அதன்பின் இடத்திற்கேற்பத் தமிழாக்குவதே எனக்கு ஒத்துவந்தது. அவ்வாறு செய்கையில், தீர்ப்பில் பத்து வரிக்குள் அச்சொல் இரு பொருளிலும் வரும் இடமொன்றில் எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்று இன்னும் முடிவு செய்யக் கூடவில்லை.